பல் இடுக்குச் சுத்தத்துக்கு நூலா, தண்ணீர்க் கருவியா? மலைக் கடைகளில் எதை வைக்கலாம்?



பற்பசை, பல்பொடி, பிரஷ் ஆகிய மூன்றும் நமது கடைகளில் உப்பு, புளி போல என்றும் ஓடுகிற சரக்கு. இப்போது நான்காவதாக ஒன்றைக் கேட்கிறார்கள். படிப்புக்கும் வேலைக்கும் வேலூர், திருப்பூர், சென்னை என்று இறங்கிப் போய்வரும் மலைப் பிள்ளைகள், “பல் இடுக்கில் விட்டு இழுக்கிற நூல் இருக்கிறதா?” என்கிறார்கள். இன்னும் சிலர் செல்போனில் விளம்பரத்தைக் காட்டி, “தண்ணீர் பீய்ச்சும் இந்தக் கருவியை வரவழைத்துத் தர முடியுமா?” என்கிறார்கள். ஜமுனாமரத்தூர், கோவிலூர், நம்மியம்பட்டு, புதூர்நாடு பக்கத்து உறுப்பினர்கள் சரக்கு எடுக்கக் கீழே வரும்போது, “இரண்டில் எதை வாங்கி வைப்பது? ஓடுமா, தங்கிவிடுமா?” என்று கேட்கிறார்கள். ஜவ்வாது மலைக் கடைகளுக்குப் பல ஆண்டுகளாக மொத்தச் சரக்கு அனுப்பி வருபவன் என்ற முறையில், விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைக் கடைக்கு நூல்தான் ஏற்ற சரக்கு. கருவி சிலருக்கு மட்டும் தேவைப்படும். அதை ஆர்டரின்பேரில் வரவழைத்தால் போதும். இரண்டில் எதுவும் பிரஷுக்கு மாற்று அல்ல. நோய்க்கு மருந்தும் அல்ல. ஏன் என்பதை இனிப் பார்க்கலாம்.

பிரஷ் போகாத இடம்

ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து முகங்கள் உண்டு. கன்னத்தின் பக்கம் ஒன்று, நாக்கின் பக்கம் ஒன்று, மெல்லுகிற மேல்பக்கம் ஒன்று. இந்த மூன்றையும் பிரஷ் தேய்க்கிறது. பக்கத்துப் பற்களோடு ஒட்டி நிற்கும் மற்ற இரண்டு முகங்களுக்கும் பிரஷின் நார் சரியாகப் போய்ச் சேருவதில்லை. வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் போவதில்லை. நம் மலையிலிருந்து மூட்டையாக இறங்கும் கடுக்காய், பொடியாகிப் பல்பொடிப் பொட்டலத்தில் மறுபடியும் மேலே ஏறுகிறது. அந்தப் பொடியும் அந்த இடுக்குக்குள் போவதில்லை.

அங்கே தங்குவது உணவுத் துணுக்கு மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சேர்ந்து, பிசுபிசுப்பான ஒரு படலமாகப் பல்லின்மேல் படிகின்றன. நாம் தின்கிற சர்க்கரையைத் தின்று அவை அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சைக் கரைத்துச் சொத்தையாக்குகிறது. அதே படலம் ஈறின் ஓரத்தில் தங்கினால் ஈறு வீங்கிச் சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும். நீக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, கல் போல இறுகிக் காரையாகிவிடும். காரை கட்டிய பிறகு பிரஷும் எடுக்காது, நூலும் எடுக்காது, தண்ணீரும் எடுக்காது. பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அதையும் கவனிக்காமல் விட்டால், சிலருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து, சொத்தை இல்லாத நல்ல பல்லும் ஆடி விழுந்துவிடும்.

ஆகவே, படலம் மெத்தென்று இருக்கும்போதே தினம் அதைக் கலைத்துவிட வேண்டும். நூலும் தண்ணீர்க் கருவியும் செய்ய முயல்கிற வேலை இதுதான்.

நூல் வந்த வழி

நூலால் பல் இடுக்கைச் சுத்தம் செய்வதைப் பரப்பியவர், அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பார்ம்லி. மெழுகு பூசிய பட்டு நூலைப் பற்களுக்கிடையே விட்டு இழுக்கும்படி 1819-இல் வெளியிட்ட புத்தகத்தில் அவர் எழுதினார். 1882-இல் காட்மன் அண்ட் ஷர்ட்லெஃப் என்ற கம்பெனி பட்டு நூலைக் கடைச் சரக்காகக் கொண்டுவந்தது. 1898-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி பல் நூலுக்குக் காப்புரிமை பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டு கிடைப்பது அரிதானபோது அந்த இடத்துக்கு நைலான் வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் பல் நூல்களில் பெரும்பாலானவை நைலான் போன்ற செயற்கை இழையால் ஆனவை. மெழுகு பூசியது, பூசாதது என இரண்டு வகை உண்டு. பற்கள் நெருக்கமாக உள்ளவர்களுக்கு மெழுகு பூசியது வழுக்கிக்கொண்டு எளிதாக இறங்கும்.

தண்ணீர்க் கருவி

வாட்டர் பிளாசர் என்று அட்டையில் போட்டு வருவது, தண்ணீரை மெல்லிய தாரையாகத் துடிப்புத் துடிப்பாகப் பீய்ச்சும் சிறு பம்ப். 1962-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போர்ட் காலின்ஸ் என்ற ஊரில் ஒரு பல் மருத்துவரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். தண்ணீர்த் தொட்டி, மோட்டார், நுனிக் குழாய் ஆகிய மூன்றும்தான் இதன் முக்கிய உறுப்புகள். வீட்டில் ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்தும் பெரியது ஒன்று. கையில் பிடிக்கும் சார்ஜ் வகை இன்னொன்று. இப்போது விளம்பரத்தில் அதிகம் வருவது சார்ஜ் வகை. அதன் தொட்டி சிறியது என்பதால் ஒரு வாய் முழுவதும் சுத்தம் செய்வதற்குள் இரண்டாம் முறை தண்ணீர் நிரப்ப வேண்டிவரலாம்.

வேலை செய்யும் விதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. நூல் பல்லின் பக்கத்தைத் தொட்டுத் துடைக்கிறது. தண்ணீர் தொடாமல் அடித்துக் கழுவுகிறது. எண்ணெய் டின்னைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கும் துணி போட்டுத் துடைப்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். ஒட்டிய பிசுக்கு தேய்த்தால்தான் நன்றாகப் போகும். அதே சமயம், துணி நுழையாத மூலைக்குத் தண்ணீர்தான் போகும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

மருத்துவ ஆராய்ச்சிகளைத் திரட்டி எடைபோட்டுச் சொல்லும் காக்ரேன் என்ற அமைப்பு, 2019-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 35 ஆராய்ச்சிகளை அது எடுத்துக்கொண்டது. பிரஷ் மட்டும் போடுவதைவிட, அதோடு நூலும் சேர்த்தால் ஈறு வீக்கம் குறையக்கூடும் என்று அது சொல்கிறது. பல் இடுக்குக்கென்றே வரும் குட்டிப் பிரஷ், நூலைவிடவும் நன்றாக வேலை செய்யலாம் என்கிறது. தண்ணீர்க் கருவியைப் பொறுத்தவரை, ஒரு மாதத்தில் ஈறு வீக்கம் சற்றுக் குறையலாம். ஆனால் பல்லில் படியும் படலம் குறைந்ததாகத் தெரியவில்லை என்கிறது. இவை எல்லாமே உறுதி குறைந்த சான்றுகள் என்றும் அதே அறிக்கை சொல்லிவிடுகிறது. பெரும்பாலான ஆராய்ச்சிகள் குறுகிய காலத்துக்கு நடந்தவை என்பது அதற்கு ஒரு காரணம்.

நூலைவிடக் கருவியே மேல் என்று காட்டும் ஆராய்ச்சிகளும் உண்டு. அவற்றில் பல, கருவி செய்யும் கம்பெனியின் பண உதவியோடு நடந்தவை. தன் சரக்கைத் தன் தராசிலேயே நிறுத்துக் காட்டினால் நாம் எப்படி எடுத்துக்கொள்வோமோ, அப்படியே இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எடை பொய் என்று சொல்ல வரவில்லை. இன்னொரு தராசிலும் நிறுத்துப் பார்ப்பது நல்லது.

2016-இல் அமெரிக்காவில், “நூலால் பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்று இல்லை” என்ற செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அதைப் பார்த்து நூலே வீண் என்று சிலர் சொல்லத் தொடங்கினார்கள். சான்று குறைவு என்பதும் பயன் இல்லை என்பதும் ஒன்றல்ல. ஒழுங்காகப் பயன்படுத்தாதவர்களிடம் சோதித்தால் பலன் குறைவாகத்தான் தெரியும். நூலின் பெரிய குறையே, அதை முறையாகச் செய்பவர்கள் குறைவு என்பதுதான்.

மலைக்கு எது ஒத்துவரும்?

நகரத்து விளம்பரம் நம் மலைக்கு அப்படியே பொருந்தாது. கருவி வேலை செய்ய நான்கு வசதிகள் வேண்டும்: மின்சாரம், குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர், தண்ணீர் சிந்தினால் வழிந்தோட ஒரு தொட்டி, பழுதானால் பார்க்க ஓர் ஆள். காற்று மழை நாட்களில் மலையில் மின்சாரம் நிற்பது புதிதல்ல. உப்புத் தண்ணீராக இருந்தால் நுனிக் குழாயில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். தொட்டியில் தண்ணீரைத் தேக்கி வைத்தால் அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும். ஒவ்வொரு முறையும் மீதித் தண்ணீரைக் கொட்டிக் காயவைக்க வேண்டும். பழுதானால் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ கொண்டு இறங்க வேண்டும். அங்கும் சின்னக் கம்பெனிச் சரக்குக்கு உதிரி பாகம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. விற்றவர் நாம் என்பதால் வாடிக்கையாளர் கேட்பது நம்மைத்தான்.

நூலுக்கு இவை எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடியும் கழுவிய கையும் போதும்.

ஆனாலும் கருவி தேவைப்படுகிறவர்கள் உண்டு. பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளைகளுக்கு நூலை உள்ளே நுழைப்பது பெரும்பாடு. விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பாலம் போல நிலையாகப் பல் கட்டியவர்கள், எலும்பில் ஆணி பொருத்திப் பல் வைத்தவர்கள், விரல் மூட்டு வலியால் நூலைப் பிடிக்க முடியாத முதியவர்கள் ஆகியோருக்கும் தண்ணீர்க் கருவி உதவும். இவர்கள் பல் மருத்துவரைக் கேட்டு வந்தால், பெயர் எழுதி வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுக்கலாம். ஈறு இறங்கி இடுக்கு அகன்றுபோன நடுவயதுக்காரர்களுக்குக் குட்டிப் பிரஷ் பொருந்தும்.

முதல் எவ்வளவு, சுற்று எவ்வளவு?

ஒரு நாளைக்கு வேண்டிய நூல் ஒரு முழம், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர். 50 மீட்டர் சுருள் ஒருவருக்கு 111 நாட்கள் வரும். கணக்குக்காகச் சுருள் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. கருவி 2,000 ரூபாய், இரண்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு இரண்டே முக்கால் ரூபாய் ஆகும். நாள் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் நூலுக்கு 150 ரூபாய் எடுத்தால் போதும். கருவிக்கு 2,000 ரூபாயும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

கடைக்காரருக்கும் அதே கணக்குதான். ஐந்து கருவி வாங்கி வைத்தால் 10,000 ரூபாய் அலமாரியில் முடங்கும். அதே பணம் அரிசி, எண்ணெய், சோப்பில் மாதத்துக்குப் பல முறை சுற்றி வரும். நூலில் முதலில் அரை டஜன் சிறிய சுருள் மட்டும் எடுங்கள். பிரஷ் தொங்கும் அட்டைக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி மாட்டுங்கள். பினாயில், கொசுவத்தி, ஊதுபத்தி பக்கத்தில் வைக்காதீர்கள். வாயில் வைக்கும் சரக்கில் வாசனை ஏறினால் திரும்பி வரும்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, பல் நூல், பல் பிரஷ் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பல்பொடிக்கு 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. கொள்முதல் பில்லில் இந்த விகிதம் போட்டிருக்கிறதா என்று சரிபார்த்து, அந்தக் குறைவை வாடிக்கையாளருக்கும் கொடுங்கள்.

வாங்குபவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை

நூலை விற்றால் மட்டும் போதாது. முறை தெரியாவிட்டால் முதல் நாளே ஈறை அறுத்துக்கொண்டு, “வேண்டாம்” என்று போட்டுவிடுவார்கள். இரண்டு நிமிடம் ஒதுக்கி இப்படிச் சொல்லுங்கள்:

1. கையைக் கழுவிக்கொண்டு ஒரு முழம் நூலை எடுத்து, இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் இரண்டு அங்குலம் விட்டால் போதும்.

2. ஆள்காட்டி விரலாலும் கட்டை விரலாலும் பிடித்து, ரம்பம் போல மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து இடுக்கில் இறக்க வேண்டும். வெடுக்கென்று அழுத்தக் கூடாது.

3. உள்ளே போனதும் நூலை ஒரு பல்லின்மேல் பிறை போல வளைத்துப் பிடித்து, ஈறின் ஓரத்துக்குச் சற்று உள்ளே வரை மேலும் கீழுமாகத் துடைக்க வேண்டும். பிறகு அதே இடுக்கில் அடுத்த பல்லின் பக்கத்தையும் அப்படியே துடைக்க வேண்டும். வெறுமே இழுத்து எடுத்தால் பாதி வேலைதான்.

4. ஒவ்வோர் இடுக்குக்கும் நூலின் புதிய பகுதியைப் பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்ததும் குப்பையில் போட வேண்டும். மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

5. நாளுக்கு ஒரு முறை போதும். இரவு படுக்கப்போகும் முன் செய்வது நல்லது. சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர்களே செய்துவிட வேண்டும்.

கருவி வாங்குகிறவர், மிகக் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். தொட்டியின்மேல் குனிந்து, உதட்டை லேசாக மூடி, தண்ணீர் வழிய விட்டு, ஈறின் ஓரமாக நேராகப் பிடித்து ஒவ்வோர் இடுக்காக நகர்த்த வேண்டும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் நல்லது.

தையல் நூல், மீன் நரம்பு, துடைப்பக் குச்சி, ஊக்கு, தீக்குச்சி எதையும் பல்லில் விட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவை ஈறைக் கிழித்துப் புண்ணாக்கும்.

சொல்லக் கூடாத பேச்சு

“இதைப் போட்டால் பல்வலி போய்விடும்” என்று சொல்லி விற்க வேண்டாம். போகாது. நூலை முதன்முதலில் பயன்படுத்தும்போது வீங்கிய ஈறிலிருந்து சிறிது ரத்தம் வரலாம். தினமும் மென்மையாகச் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மேலும் வந்தாலும், பல் ஆடினாலும், சீழ் வந்தாலும், கன்னம் வீங்கினாலும் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், இதய வால்வு மாற்றியவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

புகையிலை போடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஈறில் ரத்தம் வரவில்லை என்பதால் ஈறு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நினைக்கக் கூடாது. புகையிலை ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், உள்ளே நோய் இருந்தும் ரத்தம் வெளியே தெரியாமல் போகலாம். புகையிலை கலந்த பற்பசை, பல்பொடி ஆகியவற்றை மத்திய அரசு 1992-இல் தடை செய்தது. 1997-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பெயர் தெரியாத கருப்புப் பல்பொடியை யாராவது மலிவாகக் கொண்டுவந்து போட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நம் பொறுப்பு

சாமைச் சோறும் களியும் சாப்பிட்ட மலையில் இன்று பிஸ்கட், மிட்டாய், குளிர்பானம் எல்லாம் தாராளமாக விற்கின்றன. விற்பது நாம்தான். அதைத் தின்கிற பிள்ளைக்குப் பல் வலித்தால், தகப்பன் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறிச் சமவெளிக்கு இறங்க வேண்டும். பல முறை இறங்க முடியாமல், காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லையும் பிடுங்கிவிட்டு வருகிறார்கள். பிடுங்கிய நிலைப்பல் மறுபடி முளைக்காது.

ஆகவே இனிப்பை எடுத்துக் கொடுக்கும் அதே கையால், புளோரைடு உள்ள பற்பசையையும் மென்மையான பிரஷையும் எடுத்துக் கொடுத்து, “காலையும் இரவும் இரண்டு வேளை தேயுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைச் செய்கிறவருக்கு அடுத்த படியாக நூலைக் காட்டுங்கள். கருவி கேட்டு வருகிறவரிடம், அவருக்கு அது தேவையா என்று விசாரித்த பிறகு ஆர்டர் எடுங்கள். தேவையில்லாத 2,000 ரூபாய்ச் சரக்கை ஒரு முறை தலையில் கட்டினால் ஒரு முறை லாபம். தேவையான 150 ரூபாய்ச் சரக்கைச் சொல்லிக்கொடுத்து விற்றால், அந்தக் குடும்பம் மூன்றரை மாதத்துக்கு ஒரு முறை நம் கடைக்கே வரும். மாத மளிகைச் சிட்டையும் கூடவே வரும்.